ஊசி போட்டுக்கொள்வதா, வேண்டாமா?

சென்ற மாதம் டோம்பிவிலியில் ஒரு துக்க வீட்டிற்குச் செல்ல நேர்ந்தது. நாற்பது வயதும் நிரம்பாத தமிழன்பர் ஒருவர், இரவு உணவு உண்டு படுத்தவர், காலையில் எழவில்லை. வாசலில் போட்டிருந்த நாற்காலிகளில் அமர்ந்திருந்தோரிடையே பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டு ஓரிடத்தில் வந்து நின்றது. "எல்லாம் அந்தக் கொரோனா ஊசியின் வேலை" என்றார் பெரியவர் ஒருவர். மறுத்து ஒருவரும் பேசவில்லை. நாமும் பேசவில்லை, பிணம் கிடக்கும் வீட்டில் வாதம் செய்வது முறையன்று. ஆனால் திரும்பும்போது கல்யாண் வண்டியில் உடன் வந்த இளைஞர், "சார், நீங்கள் உங்கள் அம்மாவுக்கே போட்டீர்களே, எப்படித் துணிந்தீர்கள்?" என்று கேட்டார். நெரிசல் மிகுந்த பெட்டியில் நின்றுகொண்டு அதற்கு விடை சொல்ல இயலவில்லை. இங்கே சொல்ல முயல்கிறோம்.

நாம் படித்தது பத்தாம் வகுப்பு வரை. ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளின் கூட்டல் கழித்தலைச் சரிபார்ப்பது நம் தொழில். மருத்துவம் அறிந்தவர்போல் இங்கே எழுதப் போவதில்லை. 2021ஆம் ஆண்டில் நம் வீட்டில் அந்தத் தீர்மானம் எவ்வாறு உருவாயிற்று என்பதைத்தான் எழுதுகிறோம்.

அவ்வாண்டு ஜனவரி 3ஆம் தேதி இரண்டு மருந்துகளுக்கு நம் நாட்டில் அனுமதி கிடைத்தது. ஒன்று கோவிஷீல்டு, ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகமும் ஆஸ்ட்ராஜெனெகா கம்பெனியும் உருவாக்கியதைப் புனேயில் உள்ள சீரம் இன்ஸ்டிடியூட் தயாரித்தது. சிம்பன்சிக் குரங்குக்குச் சளி உண்டாக்கும் ஒரு கிருமியை, உடலில் பெருக முடியாதபடி மாற்றி, அதனைத் தூதாகப் பயன்படுத்தியது அது. மற்றொன்று ஐதராபாத் பாரத் பயோடெக்கின் கோவாக்சின். செயலிழக்கச் செய்யப்பட்ட கொரோனாக் கிருமியே அதன் சரக்கு. கோவாக்சினுக்கு அனுமதி தரப்பட்டபோது அதன் மூன்றாங்கட்டச் சோதனை முடிந்திருக்கவில்லை. நூற்றுக்கு 77.8 என்ற பலன் கணக்கு வெளிவந்தது ஜூலை மாதத்தில்தான். ஆகவே, அவசரப்பட்டுவிட்டார்கள் என்று அன்று குறை சொன்னவர்களை எல்லாம் மூடர்கள் என்று தள்ளிவிட நாம் சம்மதியோம். அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி.

அன்றியும், ஊசியைக் கண்டு ஐயுறுவது இன்று நேற்று வந்த வழக்கமன்று. நாம் பிழைக்க வந்திருக்கும் இந்த மும்பை நகரமே அதற்குச் சாட்சி. இந்தியாவில் முதன்முதலாக அம்மை குத்தப்பட்ட குழந்தை, 1802ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் தேதி, இந்நகரில்தான் கையை நீட்டியது. 1896இல் இங்கே பிளேக் பரவியது. மக்கள் கூட்டங்கூட்டமாக நகரை விட்டு ஓடினர். அப்போது ஹாஃப்கின் என்ற விஞ்ஞானி இங்கேயே பிளேக் தடுப்பு மருந்தைத் தயாரித்து, 1897 ஜனவரி 10ஆம் தேதி, முதலில் தமது உடம்பிலேயே அதனைச் செலுத்திக்கொண்டார். பின்னர் பைகுல்லாச் சிறையில் முன்வந்த கைதிகளுக்குப் போடப்பட்டது. பரேலில் அவர் பெயரால் விளங்கும் நிலையத்தின் வழியாக நம்மில் பலர் நாள்தோறும் போய்வருகிறோம்; அந்தப் பெயருக்குரியவர் யார் என்று கேட்டவர் சிலரே.

அவருடைய கதையில் ஒரு கறுப்பு நாளும் உண்டு. 1902 அக்டோபரில், பஞ்சாபில் முல்கோவால் என்ற சிற்றூரில், அம்மருந்து போட்டுக்கொண்டவர்களுள் 19 பேர் வில்வாத ஜன்னி கண்டு மாண்டனர். மருந்தே நஞ்சு என்று பேச்சு பரவியது; ஹாஃப்கின் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். அந்த 19 பேருக்கும் ஒரே ஒரு புட்டியிலிருந்துதான் மருந்து எடுக்கப்பட்டது. அப்புட்டியைத் திறந்த இடத்தில் பணியாளர் ஒருவர் கைதவறித் தரையில் விழவிட்ட இடுக்கியைச் சரிவரச் சுத்தம் செய்யாமல் மீண்டும் பயன்படுத்தியதே காரணமென்று பிற்பாடு தெளிவாயிற்று. ஹாஃப்கின் மீதிருந்த பழி நீங்க ஐந்து ஆண்டுகள் சென்றன. இறந்தவர்கள் இறந்தவர்களே. நல்ல மருந்தும் கெட்ட கையால் கொல்லும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

நம் ஊர்ப் பக்கமும் வருவோம். காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியை 1955இல் ராஜாஜி அவர்கள் கடுமையாக எதிர்த்து எழுதியதை முதியோர் சிலர் சொல்லக் கேட்டிருக்கலாம். அவர் கூறியதெல்லாம் சரியென்று நாம் சொல்லவில்லை. ஆனால் 1968இல் செங்கல்பட்டு வட்டாரத்தில் தொடங்கிய பெரிய ஆராய்ச்சி, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசத்தை அந்த ஊசி தடுக்கவில்லையென்று கண்டது. சிறு குழந்தைகளுக்கு மூளையைத் தாக்கும் காசம் வராமல் அது காப்பதால், பிறந்த குழந்தைக்கு இன்றும் போடுகிறார்கள். எந்த ஊசி எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்பது இவ்வாறு பொறுமையாக எண்ணிப் பார்த்தால்தான் விளங்கும். ஆரவாரத்தாலும் விளங்காது, அச்சத்தாலும் விளங்காது.

இனி வீட்டு விஷயம். அப்போது நம் வீட்டில் நால்வர். நமக்கு வயது 33. அன்னையாருக்கு 63, பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். நம் இல்லாள், பிறந்து நான்கு மாதமான பெண் குழந்தை. மார்ச் 1ஆம் தேதி முதல் அறுபது வயதானவர்களுக்கு ஊசி போடத் தொடங்கியிருந்தார்கள். "ஆகட்டும், பார்க்கலாம்" என்று அன்னையார் நாள் கடத்திக்கொண்டே வந்தார். கடைசியில் நாமும் வற்புறுத்தி, ஏப்ரல் 19ஆம் தேதி, திங்கட்கிழமை என்று ஏற்பாடு செய்தோம்.

ஏப்ரல் 17, சனிக்கிழமை விடியற்காலை, நடிகர் விவேக் காலமான செய்தி வந்தது. இரண்டு நாள் முன்னர்தான், பொதுமக்களின் அச்சம் நீங்க வேண்டுமென்று சென்னை அரசு மருத்துவமனைக்குச் சென்று, எல்லோரும் காண ஊசி போட்டுக்கொண்டார். நம் அன்னையார் அவருடைய நகைச்சுவையைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரிப்பவர். அன்று அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தார். பாளையங்கோட்டையிலிருந்து நம் தமையனார் பேசினார்: "அம்மாவுக்குப் போட்டுவிடாதே. போட்டு ஏதாவது ஆயிற்றென்றால் உன்னை நான் மன்னிக்க மாட்டேன்." அவருக்குப் பிறகு சித்தி, சித்திக்குப் பிறகு அடுத்த தெருக்காரர். இங்கே வாழும் நமக்கு இது ஒரு தனிச் சங்கடம். நாம் போட்டுக்கொள்ள வேண்டிய மருந்து இங்கே இருக்கிறது. நம்மை நடுங்கவைக்கும் செய்தி ஊரிலிருந்து, நம் மொழியில், நம் உறவினர் குரலில் வருகிறது. இங்குள்ள டாக்டர் இந்தியில் கூறும் ஆறுதல் அதற்கு ஈடாகுமா?

விவேக் அவர்களின் மரணத்தை ஆராய்ந்த மத்தியக் குழு, அதற்கும் ஊசிக்கும் தொடர்பில்லையென்று அக்டோபரில் அறிவித்தது. ஏப்ரலில் நம் கையில் அந்த அறிக்கை இல்லை.

திங்கட்கிழமை ஏற்பாடு நின்றுபோயிற்று. அந்த வாரம் ரயில்வே டாக்டர் அம்மையார் ஒருவரைப் பணி நிமித்தம் காண நேர்ந்தபோது இவ்விஷயத்தைச் சொன்னோம். அவர் வாதாடவில்லை. "நீங்கள் கணக்குப் பார்ப்பவர்தானே? நம் தேசத்தில் ஒரு நாளைக்குச் சாதாரணமாக எத்தனை பேர் இறக்கிறார்கள், எத்தனை பேர் ஊசி போட்டுக்கொள்கிறார்கள், இரண்டையும் வைத்துப் பாருங்கள்" என்று மட்டும் கூறினார்.

அன்றிரவு ஒரு பழைய படிவத்தின் பின்புறத்தில் கணக்குப் போட்டோம். எந்தக் கொள்ளைநோயும் இல்லாத ஆண்டிலேயே நம் நாட்டில் நாளொன்றுக்கு 20,000 பேருக்குக் குறையாமல் இறக்கிறார்கள். 140 கோடி மக்களில் இது 70,000 பேருக்கு ஒருவர். அப்போது நாளொன்றுக்குச் சுமார் 30 லட்சம் பேர் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த 30 லட்சம் பேருக்கும் வெறும் தண்ணீரையே செலுத்தியிருந்தாலும், மறுநாள் அவர்களுள் ஏறத்தாழ 43 பேர் இறந்திருப்பார்கள்! அவர்களில் பலர் முதியவர்கள் என்பதால் உண்மைக் கணக்கு இதனினும் கூடுதலாகவே இருக்கும். ஒவ்வொரு நாளும் 43 வீடுகளில் "நேற்றுத்தானே போட்டார்" என்ற அழுகுரல் எழும். அந்த 43க்கு மேல் எத்தனை என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

மேலும் சில இருந்ததும் உண்மை. கோவிஷீல்டினால் மிக அரிதாக இரத்தம் உறைந்து கட்டியாகும் ஒரு நோய் வருவதை ஐரோப்பாவில் அதே வசந்தத்தில் கண்டுபிடித்தார்கள். இங்கிலாந்தில் மார்ச் முடிய 2 கோடிக்கு மேற்பட்ட ஊசிகளில் 79 பேருக்கு அது வந்து, 19 பேர் மாண்டனர். நம் நாட்டுக் குழு மே 17ஆம் தேதி வெளியிட்ட கணக்கில் இத்தகைய நிகழ்ச்சி பத்து லட்சம் ஊசிக்கு 0.61. இவை வெறும் எண்ணல்ல, மனிதர்கள் என்பதை மறப்பதற்கில்லை. ஆனால் தராசின் மறுதட்டில் என்ன இருந்தது? மே 10ஆம் தேதி ரயில்வே வாரியத் தலைவர் கூறிய கணக்குப்படி, பெருந்தொற்று தொடங்கியதிலிருந்து 1,952 ரயில்வே ஊழியர்கள் கொரோனாவால் இறந்திருந்தார்கள். நாள்தோறும் ஏறத்தாழ 1,000 பேரைப் புதிதாக அது பற்றிக்கொண்டிருந்தது.

அவர்களுள் ஒருவர் நம் பக்கத்து மேஜைக்காரர். 52 வயது மராத்தியர். ஏப்ரல் 1ஆம் தேதி முதலே அவருக்கு ஊசி கிடைத்திருக்கும். மகளின் திருமணம் இருந்தது. ஊசியால் காய்ச்சல் வந்து படுத்துவிட்டால் காரியம் கெடுமே என்று தள்ளிவைத்தார். திருமணம் நடந்தது. பத்து நாள் கழித்து அவர் போய்விட்டார். அவருடைய சாப்பாட்டு டப்பா இரண்டு மாதம் நம் அலமாரியில் இருந்தது. முதல் ஊசி போட்டுக்கொண்ட பின்னரும் இறந்த இன்னொரு ஊழியரையும் நாம் அறிவோம். அதை மறைத்தால் இக்கட்டுரை பொய்யாகும்.

கணக்கை அன்னையாரிடம் விளக்கினோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ சொல்கிறது சரியாக இருக்கும் ஐயா. எனக்கு வேண்டாம்" என்றார். அவர் ஊசிக்கு அஞ்சுபவர் அல்லர். இடக் கையில் சிறுவயதில் அம்மை குத்திய வட்டத் தழும்பு இருக்கிறது. குத்த வந்தவரைக் கண்டு வைக்கோற்போரில் ஒளிந்ததையும், ஒளியாமலிருந்தும் முன்பே வைசூரி கண்டு முகமெல்லாம் குழிவிழுந்த அக்காளையும் பற்றி அவரே பலமுறை கூறியிருக்கிறார். அப்படியிருக்க ஏன் என்று விளங்கவில்லை.

இரவு விளக்கணைத்த பிறகு காரணம் வெளிவந்தது. "எனக்கு இங்கே ஏதாவது ஆயிற்றென்றால் முகத்தைக்கூடக் காட்டாமல் சுற்றிக் கட்டி, பாஷை தெரியாத யாரோ கொண்டுபோய்விடுவார்கள். உங்கள் அப்பாவைத் தாமிரபரணிக் கரையில் வைத்தோம். நான் அங்கேதான் போக வேண்டும். வண்டி ஒழுங்காக ஓடட்டும். ஊருக்குப் போய்ப் போட்டுக்கொள்கிறேன். அதுவரை வீட்டுக்குள்ளேயே இருந்துகொள்கிறேன்" என்றார்.

இதற்குக் கணக்கில் விடை இல்லை. வாசக நேயர்களில் எத்தனை வீட்டுப் பெரியோர் இதே எண்ணத்தோடு, வாய்விட்டுச் சொல்லாமல், "ஊசி வேண்டாம்" என்று மட்டும் சொல்லியிருப்பார்களோ! நமக்குத் தோன்றியது ஒன்றுதான். "அம்மா, நீங்கள் வெளியே போக மாட்டீர்கள். நான் நாள்தோறும் போய் வருகிறேனே. இந்த வீட்டுக்கு அது வந்தால் என் சட்டையில்தான் வரும்" என்றோம். அவர் பதில் பேசவில்லை. நாமும் உறங்கவில்லை.

தீர்த்துவைத்தவர் நம் இல்லாள். பாலூட்டும் தாய்மார்களுக்கு அப்போது ஊசி அனுமதிக்கப்படவில்லை; மே 19ஆம் தேதிதான் அத்தடை நீங்கியது. நம் வயதினருக்கு மே 1ஆம் தேதி திறந்த கதவு, மருந்துத் தட்டுப்பாட்டினால் மகாராஷ்டிரத்தில் அதே மாதம் மூடப்பட்டது. காலையில் குழந்தையை நீராட்டக் காலை நீட்டி அமர்ந்த அன்னையாரிடம், வெந்நீரை வைத்துவிட்டு இல்லாள் கூறியது இவ்வளவே: "அத்தை, எனக்குப் போட மாட்டேன் என்கிறார்கள். இவருக்கும் கிடைக்கவில்லை. இந்த வீட்டில் போட்டுக்கொள்ளக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். நாங்கள் இரண்டு பேரும் படுத்துவிட்டால் இவளை யார் பார்ப்பது?" அன்னையார் குழந்தையைக் குளிப்பாட்டி முடித்தார். சாம்பிராணி காட்டினார். "எத்தனை மணிக்குப் போக வேண்டும்?" என்று கேட்டார்.

போனவுடன் கிடைத்துவிடவில்லை. ஒரு மையத்தில் விடியற்காலை நான்கு மணிக்கு வரிசையில் நின்றும் சீட்டுத் தீர்ந்ததென்று இருமுறை திருப்பி அனுப்பினார்கள். சர்க்கரை நோயாளி ஒருவரை வெறும் வயிற்றோடு நிற்கவைத்த அந்த ஏற்பாட்டை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. மே 7ஆம் தேதி மூன்றாம் முறை கிடைத்தது. ஊசி போட்ட மராத்திப் பெண், "ஆஜி, கையைத் தளர விடுங்கள்" என்றாள். அரை மணி நேரம் உட்காரவைத்து அனுப்பினார்கள். இரண்டு நாள் காய்ச்சல், உடல்வலி. அவ்விரண்டு நாளும் தமையனார் மணிக்கொரு முறை பேசினார். ஒவ்வொரு முறையும் செல்பேசி ஒலிக்கும்போது நமக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் அன்னையார் எழுந்து ரசம் வைத்தார்.

இரண்டாவது ஊசிக்குத் தவணை முதலில் நான்கு வாரம் என்றார்கள், பிறகு ஆறு, மே 13ஆம் தேதி பன்னிரண்டு முதல் பதினாறு வாரம் என்றார்கள். "இவர்களுக்கே தெரியவில்லை, இவர்களை நம்பி என்னை அழைத்துப்போனாயே" என்று அன்னையார் கேலி செய்தார். இடைவெளி கூடினால் பலன் கூடுகிறது என்று ஆராய்ச்சி காட்டியது உண்மை. மருந்துப் பற்றாக்குறையும் உண்மை. ஜூலை 30ஆம் தேதி இரண்டாவதும் முடிந்தது. இரண்டு ஊசியும் போட்டுப் பதினான்கு நாள் ஆனவர்களுக்கு ஆகஸ்ட் 15 முதல் உள்ளூர் ரயில் திறந்தபோது, மாதச் சீட்டு மட்டுமே கொடுத்தார்கள். மாட்டுங்கா முகாமில் இருக்கும் தங்கையைப் பார்க்கும் ஒரே ஒரு பயணத்திற்காக அன்னையார் ஒரு மாதச் சீட்டு வாங்கச் சொன்னார். பதினெட்டு மாதங்களுக்குப் பிறகு சகோதரிகள் இருவரும் சந்தித்தார்கள்.

2022 ஜனவரியில் ஒமிக்ரான் அலையில் எங்கள் நால்வருக்கும் காய்ச்சல் வந்தது. அன்னையாருக்கு ஐந்து நாள் இருமல், அவ்வளவே. ஊசிதான் காத்ததா? ஊசி போடாத இன்னோர் அன்னையார் நமக்கு இருந்தால் ஒப்பிட்டுச் சொல்லலாம். தனி வீட்டில் எவருக்கும் நிச்சயமாகத் தெரியாது. பல லட்சம் வீடுகளை எண்ணுபவர்களுக்கே தெரியும்.

2024இல் ஆஸ்ட்ராஜெனெகா கம்பெனி, அந்த அரிய இரத்த உறைவு நோய் தன் மருந்தினால் வரக்கூடுமென்று இங்கிலாந்து நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட செய்தி வெளியானது. தமையனார் உடனே பேசினார்: "பார்த்தாயா?" பார்த்தோம். 2021லேயே தெரிந்திருந்ததுதான் அது. நாம் படிவத்தின் பின்புறத்தில் எழுதிய கணக்கில் அதுவும் சேர்ந்திருந்தது. அண்ணனிடம் அதைச் சொல்லவில்லை. "அம்மா பக்கத்தில் இருக்கிறார், பேசுங்கள்" என்று கொடுத்தோம்.

டோம்பிவிலித் துக்க வீட்டிற்கு வருவோம். 18 முதல் 45 வயதுக்குட்பட்டோர் காரணம் தெரியாமல் திடீரென இறப்பதைப் பற்றிச் சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிலையம் 19 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் 47 மருத்துவமனைகளைக் கொண்டு ஆராய்ந்து, 2023இல் முடிவை வெளியிட்டது. ஊசி அந்த அபாயத்தைக் கூட்டவில்லை. இரண்டு ஊசி போட்டவர்களிடம் அது குறைந்தே காணப்பட்டது. கூட்டுவன எவை? கொரோனாவுக்காக முன்பு மருத்துவமனையில் படுத்தது. மரணத்திற்கு முந்திய இரண்டு நாளில் மிதமிஞ்சிய குடி. கடும் உடற்பயிற்சி. குடும்பத்தில் முன்னரே எவரேனும் திடீரென இறந்திருப்பது.

கடைசியாகச் சொன்னதைப் படித்தபோது நமக்கு ஒன்று நினைவு வந்தது. இறந்த அன்பரின் தந்தையாரும் ஊரில் நாற்பத்தைந்து வயதில், வயலிலிருந்து வந்து திண்ணையில் சாய்ந்தவர், எழவில்லையாம். அன்று அதே வாசலில் ஒருவர் சொல்லக் கேட்டோம். அப்போது ஊசியும் இல்லை, கொரோனாவும் இல்லை. இறந்தவருக்கு ஒரு தம்பி இருக்கிறார், வயது முப்பத்து நான்கு, தாணாவில் வேலை. பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் அவரைத் தனியே அழைத்து, இதயப் பரிசோதனை செய்துகொள்ளுமாறு கூறினோம். முதலில், "எனக்கென்ன சார், நானும் ஊசி போட்டவன்தான், போகிற நேரம் வந்தால் போக வேண்டியதுதான்" என்றார். அவருடைய அண்ணியார் உள்ளேயிருந்து வந்து, "தம்பி, போய்ப் பாருங்கள்" என்றார். வரும் புதன்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறது. அவர் போகாமல் இருந்துவிடக்கூடும் என்ற ஐயம் இருப்பதால், நாமும் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.